பானெட்டில் விழுந்த ஈசல்

அத்தியாயம் 9

ஆஸ்பத்திரி வார்டில் மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. சுப்புலட்சுமி கட்டிலோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்திருக்க வேண்டுமே என்று முழங்கால்கள் இரண்டும் இப்போதே முனகின. இருபத்திரண்டு வருஷம் காக்கி உடுப்பில் நின்று நின்று தேய்ந்த கால்கள். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தால் உட்கார்ந்த இடத்தில் பிழைக்கலாம் என்று எந்தப் புண்ணியவானோ சொன்னான். நம்பியது அவள் தப்புதான்.

கட்டிலில் கிடந்தவர் மாரிச்செல்வம். பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழே காலுக்கு, மழை விட்ட கையோடு சைக்கிளில் வீடு திரும்பியவரை ராஜபாளையம் ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. வலது உள்ளங்கையிலும் பெரிய கட்டு.

"நம்பர் எதுவும் கண்ணுல பட்டுச்சா அண்ணாச்சி?"

"லைட்டு மூஞ்சில அடிச்சிட்டு தாயி. சின்ன வண்டி, வெள்ளை. அம்புட்டுத்தான் தெரியும். அது மேலயே குப்புற விழுந்தேன். பொறவு பாத்தா ரோட்டுல கெடக்கேன்."

"கையில என்ன?"

"சூடு பட்டிருக்காம். தோலு வெந்து போச்சு. சைலன்சர் சூடான்னு கேட்டாவ, ஆமான்னு வச்சுக்கிடுங்கன்னுட்டேன். கையா இப்பப் பெருசு? ஆறு மாசத்துக்கு மூட்டை தொடக்கூடாதுன்னுட்டாவ. சைக்கிளும் நசுங்கிட்டு."

சுப்புலட்சுமி அவர் தலைமாட்டில் இருந்த தண்ணீர் பாட்டிலை இடது கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

வெளியே ஆட்டோவுக்குள் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான் ஆஷிக் அலி. அவளுடைய உதவியாளன், நாற்பது வயது. ஷார்ஜாவில் எட்டு வருஷம் கார்களுக்கு ஒடுக்கு எடுத்துப் பெயிண்ட் அடித்தவன். ஊர் திரும்பிய பிறகு வாயை மட்டும்தான் முழுநேரமும் வேலை வாங்குகிறான்.

"யக்கா, வெள்ளைச் சின்னக் காருன்னா இந்த ஊர்ல பாதிப் பேரை உள்ள வைக்கணும். மீதிப் பேருக்குக் கார் இல்ல."

"இன்ஸ்பெக்டர் ஒருத்தரை வச்சிட்டாரே. அது போதாதா. ஆட்டோவ எடுக்கச் சொல்லு."

இன்ஸ்பெக்டர் பிடித்து வைத்திருந்தது ஃபாரூக்கின் பாஸ்போர்ட்டை. சவூதி தம்மாமில் வேலை பார்க்கிறவன், லீவில் வந்தவன், ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும். திங்கட்கிழமை வேலையில் சேராவிட்டால் விசா போயிற்று. அவனிடம் வெள்ளைச் சின்னக் கார் இருந்தது. அதற்கு அவனே வீட்டில் வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தான். விபத்து நடந்த மறுநாள் காலையில் காரின் முன்மூடியான பானெட்டில் ஒரு இடத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். அடிபட்ட ஒடுக்கை நிரவிப் பெயிண்ட் அடித்துத் தடயத்தை அழித்திருக்கிறான் என்பது இன்ஸ்பெக்டரின் கட்சி. இல்லை என்று நிரூபித்துத் தரும்படி நேற்று சாயங்காலம் சுப்புலட்சுமியிடம் வந்தவள் அவன் மனைவி ரூபியா. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்குக் காரை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஃபாரூக்கின் வீட்டுக்குப் பக்கத்துத் தறிக்கூடத்திலிருந்து தறிச் சத்தம் ஓயாமல் வந்தது. ரூபியா கேட்டைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இவளும் மூன்று நாளாகத் தூங்கவில்லை போலிருக்கிறது.

"வாங்கக்கா. அவரு ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்காவ. இப்ப வந்துருவாவ."

கார் ஷெட்டில் நின்றது. கண்ணாடியில், வண்டியை எடுக்கக்கூடாது என்று போலீஸ் ஒட்டிய தாள். ஆஷிக் அலி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கதவுகளில் ரெண்டு இடத்தில் பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது. பானெட் மட்டும் பளபளவென்று இருந்தது.

"ஃப்ரிட்ஜில காந்தம் ஒட்டி வச்சிருக்கியளா மதினி?"

ரூபியா உள்ளே போய் ஆரஞ்சுப் பழ வடிவத்தில் ஒரு காந்தம் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதைப் பானெட் முழுக்க ஒவ்வொரு சாணுக்கும் வைத்து எடுத்தான். எல்லா இடத்திலும் டக் டக்கென்று பிடித்தது. பிறகு குனிந்து பம்பரைத் தடவிப் பார்த்தான். அது பிளாஸ்டிக், அதிலும் ஒரு கீறல், ஒரு விரிசல் இல்லை.

"யக்கா, ஒடுக்கை நிரவணும்னா புட்டிப் பசை வைக்கணும். புட்டி இருக்க இடத்துல காந்தம் பிடிக்காது, வழுக்கிட்டு விழும். இந்தப் பானெட்டு தகரத்துல பொறந்து தகரத்துலயே வளந்தது. ஒரு ஆளு வந்து விழுந்ததுக்கு அடையாளமே இல்ல."

"பொறவு எதுக்கு அன்னைக்குத் தேச்சாரு?" என்று ரூபியாவைக் கேட்டாள் சுப்புலட்சுமி.

ரூபியா மனப்பாடம் மாதிரி சொன்னாள். எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதையோ. "செவ்வாக்கிழமை சாயங்காலம் கடைசியா பானெட்டுக்குப் பெயிண்ட் அடிச்சு முடிச்சாவ. மழை விட்டதும் ஈசலு கிளம்பிட்டு. ஷெட்டு லைட்டுக்கு வந்த ஈசலு பூராவும் ஈரப் பெயிண்டுல விழுந்திச்சு. ஊசி வச்சு ஒண்ணொண்ணா எடுத்தாவ. எடுத்த இடம் கீறலாயிட்டு. கீறலை மறைக்க அங்கன மட்டும் திரும்ப அடிச்சாவ, அது கனமாகி வழிஞ்சிட்டு. வழிஞ்சதைத்தான் காலையில உப்புத்தாளு போட்டுத் தேச்சு பாலிஷ் பண்ணுனாவ. இதை இன்ஸ்பெக்டர்ட்ட நூறு மட்டம் சொல்லியாச்சு. புதன்கிழமைதான் பெயிண்டே அடிச்சிருக்காருன்னு சாதிக்காரு."

ஆஷிக் அலி தலையில் கை வைத்துக்கொண்டான். "அட பாவி மனுஷா. ஏழு மணிக்கு இந்தப் பானெட்டு ஈரமா இருந்ததுக்கு ஈசலுதான் சாட்சி. அந்தச் சாட்சியை ஊசியால கொத்தி எடுத்து, மிச்சத்தைத் தேச்சு, மேல பாலிஷும் போட்டுருக்காரு. தன் கேஸைத் தானே இம்புட்டு அழகா அழிச்ச ஆளை நான் பாத்ததில்ல."

"ஒண்ணாவது மிஞ்சியிருக்கும். தேடு," என்றாள் சுப்புலட்சுமி. அவளுக்குக் குனிய முடியாது. குனிகிற வேலைக்குத்தான் அவன்.

அவன் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, மொபைல் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு ஓரம் ஓரமாகத் தேடினான். பத்து நிமிஷம் பேச்சே இல்லை. அவன் பேசாமல் இருந்ததிலேயே அதுதான் நீளம். பிறகு, "யக்கா, இங்கன வாங்க," என்றான்.

பானெட்டின் உள்பக்க மடிப்பில், ஃபாரூக்கின் ஊசியும் தாளும் போகாத மூலையில், வெள்ளைப் பெயிண்டில் அமுங்கி ஒரு ஈசல் கிடந்தது.

"நாலு சிறகும் இருக்கு பாத்தியளா. ஈசலு விடியுறதுக்குள்ள சிறகை உதுத்துட்டுச் செத்துப்போவும். புதன்கிழமை குப்பையில கெடந்தது பறந்து ஒட்டியிருந்தா சிறகு தனி, உடம்பு தனியா இருக்கும். இது உசுரோட வந்து விழுந்திருக்கு. இந்த வாரத்துல மழை பெஞ்சது செவ்வா ஒருநா மட்டும்தான். அன்னைக்குச் சாயங்காலம் இந்தப் பானெட்டு ஈரமா இருந்திருக்கு. ஈரப் பானெட்டை மாட்டிக்கிட்டு எவனும் ரோட்டுக்குப் போவமாட்டான்; போயிருந்தா பெயிண்டு பூரா ரோட்டுப் புழுதிதான் இருக்கும். கேஸ் முடிஞ்சுதுக்கா. ஆளுக்கொரு பிரியாணி."

ரூபியா அல்ஹம்துலில்லாஹ் என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பொய்யில்லாத அழுகை. சுப்புலட்சுமிக்கும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றுதான் இருந்தது. பானெட்டை இறக்கிவிடச் சொன்னாள். எதைப் பார்த்தாலும் தடவிப் பார்த்துவிடுகிற பழைய பழக்கத்தில் அந்தத் தேய்த்த இடத்தில் விரலை ஓட்டினாள்.

வேலை சுத்தம்தான். வீட்டில் வைத்துச் செய்ததற்கு இவ்வளவு வந்ததே பெரிய காரியம். ஆனால் கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. வழிந்த பெயிண்டின் வால், ஒரு நூல் தடிமனுக்கு, பாலிஷுக்குத் தப்பிப் பானெட்டின் ஓரம் வரைக்கும் போயிருந்தது. அதன் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனாள். விரல் இடமிருந்து வலமாகப் போயிற்று.

மறுபடி ஓட்டினாள். அதே மாதிரிதான் போயிற்று.

"ஆஷிக், பெயிண்டு எந்தப் பக்கம் வழியும்?"

"இதென்ன கேள்வி. கீழதான். பெயிண்டுக்கு வேற போக்கிடம் ஏது?"

"கதவுல கீழ வழிஞ்சிருக்கு. சரி. பானெட்டு வண்டியில மாட்டியிருக்கும்போது வழிஞ்சா முன்னால மூக்குப் பக்கம்தானே போவணும். இது குறுக்க போயிருக்கு."

ஆஷிக் அலி விரலை வைத்துப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து பிரியாணி இறங்கிப் போனது. "கழட்டிப் பக்கவாட்டுல தொங்கவிட்டு அடிச்சிருக்காரு. நாங்களும் ஷாப்புல அப்படித்தான் அடிப்போம்."

"அந்த ஈசலு எங்க இருந்துச்சு?"

"உள்பக்கம்." சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மூடிக் கிடக்கிற பானெட்டின் உள்பக்கம் எப்படி ஈரமாக இருக்கும், அதற்குள் ஈசல் எப்படிப் போகும்.

சுப்புலட்சுமி ஷெட்டின் சுவரைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அங்கேதான் இருந்தது; பார்த்தவர்கள்தான் இல்லை. மேலே இரும்புக் கம்பி, அதில் ரெண்டு கயிற்றுத் துண்டு. கயிற்றுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பெயிண்டின் வெள்ளைத் தூசி படிந்திருக்க, நடுவில் பானெட் அளவுக்குப் பழைய நீலச் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் பம்பர் நீளத்துக்கு இன்னொன்று.

"பானெட்டையும் பம்பரையும் கழட்டியா அடிச்சாவ ரூபியா?"

"இல்லக்கா. வண்டியோடதான் அடிச்சாவ." பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது.

சுப்புலட்சுமிக்கு உடம்பு பூராவும் அசந்து வந்தது. சில கேஸ்களில் விடை தெரியும்போது ஒரு துள்ளல் வரும். சிலதில் தெரியாமலே இருந்திருக்கலாமே என்று வரும். இது இரண்டாவது ரகம். அவள் பாட்டுக்குப் பேசினாள், தனக்குத்தானே கணக்குச் சொல்வது மாதிரி.

"காலையில ஆஸ்பத்திரியில ஒரு கையைப் பாத்தேன். உள்ளங்கை வெந்திருக்கு. சைலன்சர் சூடுன்னு சொல்லி விட்டுட்டாவ, நானும் கேட்டுட்டு வந்துட்டேன். அவரு போனது சைக்கிள்ல. சைக்கிளுக்கு ஏது சைலன்சர்? தார் ரோட்டுச் சூடுன்னு சொல்லலாம்னா அப்பத்தான் மழை விட்டிருக்கு, ரோடு நனைஞ்சு கெடக்கு. வண்டி மேல குப்புற விழுந்தேன்னாரு. காரு மேல விழுந்த மனுஷன் கை எப்ப வேகும் ஆஷிக்?"

"பானெட்டு இல்லாத காரா இருந்தா." ஆஷிக் அலியின் குரல் இறங்கிவிட்டது. "நேரா இஞ்சின் மேல கையை ஊனியிருப்பாரு. முன்பக்க நம்பர் பிளேட்டும் பம்பரோட சுவத்துல தொங்கியிருக்கும். அதான் நம்பரு அவரு கண்ணுல படலை."

"பானெட்டைத் திரும்பத் தூக்கு. இந்த மட்டம் பானெட்டைப் பாக்காத. அதுக்குக் கீழ பாரு."

தூக்கினான். ரேடியேட்டர் தகடுகள் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கிப் படிந்திருந்தன. அதற்கு மேல் குறுக்குச் சட்டம் லேசாக உள்வாங்கியிருந்தது. அதில் பச்சைப் பெயிண்ட் ஒரு கோடு. கார் வெள்ளை, சட்டம் கறுப்பு. பச்சை எங்கேயிருந்து வந்தது என்று மாரிச்செல்வத்தின் சைக்கிளைக் கேட்டால் சொல்லும்.

மூணு நாளாக எல்லாரும் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார், இவர்களும் காந்தத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அன்றைக்கு வீட்டை விட்டு நகராத சாமான் அதுதான்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. தொப்பியைக் கழற்றிக்கொண்டே ஃபாரூக் வந்தான். ஷெட்டின் குறுக்குக் கம்பிக்குத் தலையைக் குனிய வேண்டிய உயரம். தூக்கி நிற்கிற பானெட்டைப் பார்த்தான், சுவரோரம் ஒடுங்கி நிற்கிற மனைவியைப் பார்த்தான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான்தான் ஓட்டினேன்," என்றான். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. உப்புத்தாளு வாங்கக் கடைக்குப் போனேன். பயந்துட்டு நிக்காம வந்துட்டேன். எழுதிக்கிடுங்க."

"மச்சான்," என்றாள் ரூபியா.

"நீ உள்ள போ."

சுப்புலட்சுமி அவனையே பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் குற்றத்தை மறுத்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். ஒப்புக்கொள்ள இவ்வளவு அவசரப்படுகிறவர்களைக் கண்டால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும்.

"ஞாயித்துக்கிழமை பிளேன் என்னாவும் தம்பி?"

"போவட்டும்."

"செவ்வாக்கிழமைக்குப் பொறவு வண்டியைத் தொட்டியளா?"

"புதன்கிழமை காலையில பானெட்டையும் பம்பரையும் மாட்டினேன். மத்தபடி நின்ன இடத்துலதான் நிக்கி. வேணும்னா சாவியைப் பிடிங்க."

சுப்புலட்சுமி சாவியை வாங்கி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். "ஏறி உக்காருங்க. சீட்டைப் பின்னால தள்ளக் கூடாது. இருக்க மாதிரியே உக்காருங்க."

ஃபாரூக் சீட்டைப் பார்த்தான். அது ஸ்டியரிங்கோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. ஒரு காலை உள்ளே வைத்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. உடம்பைச் சாய்த்து, தலையைக் குனிந்து, மறு காலையும் கொண்டுபோகப் பார்த்தான். முடியவில்லை. வளர்ந்த ஆள் குழந்தை நாற்காலியில் சிக்கிய மாதிரி பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அப்படியே இருந்தான். வேறு நேரமாக இருந்தால் ஆஷிக் அலி இதற்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பான். அவன் தறிக்கூடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போதும் மச்சான். எறங்குங்க," என்றாள் ரூபியா.

அவள் சுப்புலட்சுமியிடம் வந்து நின்றாள். "ஸ்கூட்டரை எங்க தம்பி கொண்டுபோயிருந்தான். இவரு ஈசலை விட்டு அசைய முடியலை. கடை ஏழரைக்கு அடைச்சிருவான், ரெண்டாயிரம் நம்பர் தாளு வேணும்னாவ. லைசென்ஸ் இருக்கு எனக்கு, இவரு அங்க இருக்கும்போதே எடுத்தது. பானெட்டு இல்லாட்டி என்ன, இருட்டுல யாரு பாக்கப் போறான்னு எடுத்துட்டுப் போனேன். அந்த அண்ணாச்சி எங்கயிருந்து வந்தாவன்னே தெரியலக்கா. நிறுத்தல. கண்ணாடியில பாத்தேன், ரெண்டு பேரு ஓடியாந்து தூக்குனாவ. தூக்கிட்டாவல்லான்னு சொல்லிக்கிட்டே வந்துட்டேன். தாளையும் வாங்கிட்டு வந்தேன். அந்தத் தாளு வச்சுத்தான் இவரு மறுநா தேச்சாவ."

"எல்லாம் தெரிஞ்சும் என்னை எதுக்குத் தேடி வந்திய?"

"இவரு ஓட்டலைன்னு நிரூபிக்கத்தான் கேட்டேன். அது பொய் இல்லையே. இவரு பிளேன் ஏறட்டும், பொறவு நானே போயிச் சொல்லிருவோம்னு நெனச்சேன். நெசமாத்தான் நெனச்சேன்."

சுப்புலட்சுமி நம்பினாள். மூன்று நாள் நினைத்தவள் முப்பது நாளும் நினைத்துக்கொண்டே இருந்திருப்பாள் என்பதையும் நம்பினாள். இவளை வெறுக்கலாம் என்றால் மனசு வரவில்லை. மன்னிக்கலாம் என்றால் அது மாரிச்செல்வம் செய்ய வேண்டிய காரியம். அவருக்கு ஆறு மாசம் வேலை கிடையாது.

"நீயா போயிச் சொன்னா பாஸ்போர்ட் கெடைக்குமான்னு எனக்குத் தெரியாது," என்றாள். "இன்ஸ்பெக்டர்ட்ட கேப்பேன். கெடைக்கும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். நீ சொல்லாட்டி நான் சொல்லணும்."

"தெரியும்க்கா."

ரூபியா உள்ளே போனாள். வரும்போது பர்தா போட்டிருந்தாள். கையில் லைசென்ஸ். ஆஷிக் அலி தெருமுனையில் நின்ற ஆட்டோவைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

"ஸ்டேஷனுக்குத்தானே மதினி?"

"இல்ல. மொதல்ல ஆஸ்பத்திரி. அந்த அண்ணாச்சி மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் பொறவு ஸ்டேஷனுக்கு வாரேன்." அவள் திரும்பி ஃபாரூக்கிடம் சொன்னாள். "நீங்க பெட்டியக் கட்டுங்க மச்சான். இன்னும் ரெண்டு நாள் கெடக்கு."

ஆட்டோ வந்து வாசலில் நின்றதும் முதலில் ஏறி உட்கார்ந்தவன் ஃபாரூக்தான். உள்பக்கமாக நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டான்.